எருமை வயிற்றில் ஓடைத் தண்ணீர்

எருமை மூன்றாவது தடவையாகக் கொட்டகைக்கு வந்தபோது, அதன் முன்பக்கத்திலிருந்து 'கர்ர்ர்... கடக்... கர்ர்ர்... கடக்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

பயந்துவிடாதீர்கள். இந்த எருமைக்குக் கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. குண்டு குண்டாக நாலு சக்கரம், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல ஒரு கைப்பிடி, முன்னும் பின்னும் சாமான் வைக்க இரும்புத் தட்டு. அவ்வளவுதான். மேட்டிலும் சேற்றிலும் ஓடையிலும் ஓடுகிற மலை வண்டி அது. ஏ.டி.வி. என்பார்கள். எந்த நேரமும் சேற்றில் புரண்டு எழுந்த கோலத்தில் இருப்பதால், அதன் சொந்தக்காரரான மாட்டு டாக்டரே அதற்கு எருமை என்று பெயர் வைத்துவிட்டார்.

சுற்று வட்டாரத்தில் இருக்கிற ஆடு, மாடு, குதிரை எல்லாவற்றுக்கும் மாட்டு டாக்டர் வைத்தியம் பார்ப்பார். அவருடைய எருமைக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது குடைச்சலின் அம்மா.

குடைச்சல் யார் என்று கேட்கிறீர்களா? பத்து வயதுப் பெண். ஒரு கடிகாரம் ஓடினால் ஏன் ஓடுகிறது என்பாள். நின்றால் ஏன் நின்றது என்பாள். அப்பாவின் தையல் இயந்திரத்தை இதுவரை நான்கு முறை கழற்றியிருக்கிறாள், மூன்று முறை சரியாக மாட்டியிருக்கிறாள். அந்த நாலாவது முறைக்குப் பிறகுதான் அப்பா அவளைக் குடைச்சல் என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கொட்டகைக்கு வந்த குடைச்சல், பையைக் கூடக் கழற்றாமல் எருமையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"மறுபடியுமா?" என்று அம்மா கேட்டாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"மறுபடியும்தான், மெக்கானிக்கம்மா," என்றார் மாட்டு டாக்டர். சேறு அப்பிய தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டினார். "முதல் தடவை ஆக்சில்னு சொன்னீங்க, மாத்துனீங்க. ரெண்டாவது தடவை சீல்னு சொன்னீங்க, மாத்துனீங்க. மூணு வாரம் நல்லா ஓடுது. அப்புறம் பழையபடி பல்லைக் கடிக்குது. நேத்து மேட்டுல பாதி வழியிலேயே நின்னு போச்சு. நான் மருந்துப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு நடந்து போனேன்!"

அம்மா குனிந்து எருமையின் முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்று டாக்டர் குரலைத் தணித்தார். "வன அலுவலகத்துல ஆறு வண்டி வச்சிருக்காங்க, இதே மாதிரி. பக்கத்துல பழுது பார்க்க ஆள் தேடுறாங்க. உங்க கொட்டகை எப்படின்னு என்னைத்தான் கேட்டாங்க. வெள்ளிக்கிழமை பதில் சொல்றதா சொல்லியிருக்கேன். மூணு தடவை வந்தும் சரியாகலைன்னா, நான் என்னன்னு சொல்றது?"

குடைச்சல் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்த ஆறு வண்டிகளும் எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். அம்மா பத்து வருஷம் பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். குடைச்சல் கண் விழிப்பதற்குள் கிளம்பிவிடுவாள், தூங்கிய பிறகுதான் திரும்புவாள். ஆறு மாதத்துக்கு முன்புதான் அந்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கொட்டகையைத் திறந்தாள். ஆனால் வருவதெல்லாம் பஞ்சரும் பிரேக்கும்தான். வன அலுவலகத்து வண்டிகள் வந்தால் கொட்டகை நிற்கும். வராவிட்டால் அடுத்த மாதம் அம்மா மறுபடி தொழிற்சாலைக்குப் போக வேண்டியதுதான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க, டாக்டர்," என்றாள் அம்மா.

டாக்டர் தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். குடைச்சல் விடுவாளா?

"டாக்டர் மாமா, எருமையை எந்த வழியா ஓட்டிட்டுப் போவீங்க?"

"ஏன், நீயும் வரப் போறியா? முதல்ல அரை மணி நேரம் ஒரே மேடு. உருட்டி உருட்டி ஏறணும். உச்சிக்குப் போறதுக்குள்ள இந்த முன்பக்கப் பெட்டி தொட்டா சுடும். அப்புறம் அந்தப் பக்கம் இறங்கின உடனே ஓடை. அதுல இறக்கினா 'சொய்ங்'குனு ஆவி கிளம்பும் பாரு, பார்க்கவே வேடிக்கையா இருக்கும்!"

"தண்ணி எவ்வளவு இருக்கும்?"

"பாதிச் சக்கரம் முங்கும்."

"இந்த ஓடை புதுசா?"

"ஓடை எப்படிம்மா புதுசா வரும்? ரெண்டு வருஷமா அதே ஓடைதான். ரெண்டு மாசமாத்தான் இந்தத் தொல்லை."

"அப்போ ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என்ன மாறுச்சு?"

டாக்டர் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணும் மாறலையே!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அம்மா ஜாக்கி வைத்து எருமையின் முன்பக்கத்தைத் தூக்கினாள். இரண்டு முட்டுக்கட்டைகளைக் கொடுத்து வண்டி நழுவாமல் நிறுத்தினாள். கியரைப் போட்டு, நாலு சக்கரமும் இழுக்கும்படி பொத்தானை மாற்றிவிட்டு, இடது சக்கரத்தைக் கையால் சுற்றினாள்.

அந்தரத்தில் நின்ற வலது சக்கரமும் சுற்றியது. ஆனால் எதிர்ப்பக்கமாக!

"ஐயையோ! அம்மா, இதுதான் பழுது! ஒண்ணு முன்னாடி போகுது, ஒண்ணு பின்னாடி போகுது!"

அவ்வளவு கவலையிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பழுது இல்லடி. அப்படித்தான் சுத்தணும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இந்த இரும்புப் பெட்டி இருக்கு பாரு, இதுக்குப் பேரு டிஃபரன்ஷியல். உள்ள பல்சக்கரம் இருக்கு. எஞ்சின் கொடுக்கிற சுழற்சியை ரெண்டு பக்கமும் பிரிச்சுக் கொடுக்கும். பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போற தண்டுதான் ஆக்சில்."

"ஏன் பிரிக்கணும்? ஒரே தண்டா போட்டா என்ன?"

"ஒரு வட்டம் போட்டு நீயே சுத்திப் பாரேன்."

குடைச்சல் சாக்குக்கட்டியால் தரையில் ஒரு சின்ன வட்டமும், அதைச் சுற்றிப் பெரிய வட்டமும் போட்டாள். இடது கால் சின்ன வட்டத்தில், வலது கால் பெரிய வட்டத்தில். ஒரு சுற்று வந்ததும் புரிந்துவிட்டது. வெளிப்பக்கத்துக் காலுக்குத்தான் தூரம் அதிகம்! இரண்டு காலும் ஒரே அளவு அடி வைத்தால் குப்புற விழ வேண்டியதுதான். விழுந்தும் பார்த்தாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்லம்மா. புரிஞ்சுது."

அம்மா சக்கரத்தை மறுபடி மெதுவாகச் சுற்றிக் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். உள்ளே மணலை அரைப்பது போல ஒரு சத்தம். பிறகு பெட்டிக்கு அடியில் ஒரு தகர டப்பாவை வைத்து, அடிப்பக்கத்து போல்ட்டைக் கழற்றினாள். எண்ணெய் கொழகொழவென்று இறங்கியது.

தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய். வந்ததோ, பால் ஊற்றிய டீ நிறத்தில்.

"தண்ணி," என்றாள் அம்மா. "எண்ணெயோட தண்ணி கலந்தா இப்படித்தான் வெளுத்துப் போகும். தண்ணி புகுந்தா, தண்டைத் தாங்குற பேரிங் துருப்பிடிக்கும். பேரிங் போனா பல்லைக் கடிக்கும். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்."

"தண்ணி எப்படிம்மா உள்ள போகுது?"

"ஆக்சில் உள்ள நுழையிற இடத்துல ரப்பர் வளையம் இருக்கு. அதுதான் சீல். அது கிழிஞ்சா தண்ணி போகும். ஆனா நான் போட்டது புத்தம்புது சீல்டி! பாரு, ஒரு கீறல்கூட இல்ல."

குடைச்சல் பார்த்தாள். உண்மைதான். ஆனால் சீலின் ஓரத்தில் எண்ணெய் லேசாக வழிந்து, அதில் தூசி படிந்து கறுப்பாக ஒரு வளையம் கட்டியிருந்தது.

"உள்ள தண்ணி போயிருக்கு. ஆனா வெளியேயும் எண்ணெய் வந்திருக்கு. ரெண்டும் எப்படிம்மா நடக்கும்?"

"அதுதான் எனக்கும் மண்டையைக் குடையுது," என்று அம்மா டப்பாவைத் தள்ளி வைத்தாள். "ஒருவேளை பெட்டியிலேயே கண்ணுக்குத் தெரியாம விரிசல் இருக்கோ என்னவோ. அப்படி இருந்தா புதுப் பெட்டிதான் போடணும். அது வர ரெண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு எங்கே போறது?"

குடைச்சல் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடுவது அபூர்வம். ஆனால் வாய்தான் மூடியதே தவிர, மனசு 'எப்படி, எப்படி' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. அம்மா புது பேரிங் மாட்டிக்கொண்டு கொட்டகையிலேயே இருந்தாள். வீட்டில் அப்பாவின் சமையல். அப்பா தையல்காரர். துணியை அளந்து வெட்டுவது போலவே காய்கறியையும் அளந்து வெட்டுவார். அதனால் சாப்பாடு சரியாக ஒரு மணி நேரம் தாமதமாகும்.

அன்றைக்குச் சூப் கொதிக்கக் கொதிக்கத் தயாரானது. அம்மாவுக்கு எடுத்துப் போவதற்காக அப்பா அதை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, இறுக்கி மூடினார். கையில் பிடிக்க முடியாமல் சுட்டதால், ஆறட்டும் என்று குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்தார்.

பத்து நிமிஷம் கழித்து, "உப்புப் போட்டேனா?" என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூடியைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் டப்பாவை இடுக்கிக்கொண்டு இழுத்தார். முகம் தக்காளி மாதிரி சிவந்தது. மூடி அசைவேனா என்றது.

"தள்ளுங்கப்பா, நான் பார்க்கிறேன்."

"எனக்கே வரலை, உனக்கு வருமாக்கும்!"

குடைச்சல் கரண்டிக் காம்பை மூடியின் விளிம்பில் கொடுத்து லேசாக நெம்பினாள். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டப்பென்று மூடி கழன்றது.

"அப்பாடா!" என்றார் அப்பா.

குடைச்சல் மட்டும் சிலையாக நின்றாள். "அப்பா, அந்த ஸ்ஸ்ஸ். அது காத்து வெளியே வந்த சத்தமா, உள்ளே போன சத்தமா?"

"யாருக்குத் தெரியும்? சூப் ஆறப் போகுதும்மா..."

"மறுபடி சூடு பண்ணுங்கப்பா!"

மகள் கேட்டால் மறுக்கத் தெரியாத மனிதர் அவர். சூப் மறுபடி கொதித்தது, மறுபடி மூடப்பட்டது, மறுபடி தொட்டியில் ஆறியது. இந்தத் தடவை குடைச்சல் அப்பாவின் மேசையிலிருந்து ஒரு துண்டு வெள்ளை நூலை எடுத்து வந்தாள். மூடியின் விளிம்போரம் அதைத் தொங்கவிட்டுப் பிடித்தபடி, "இப்ப நெம்புங்க," என்றாள்.

'ஸ்ஸ்ஸ்.'

நூலின் நுனி சட்டென்று உள்ளே இழுபட்டது.

"உள்ளே! உள்ளேதான் போகுது!" குடைச்சல் குதித்தாள். "அப்பா, சூடா இருக்கும்போது உள்ள இருக்கிற காத்து உப்பும். கொஞ்சம் வெளியேயும் போயிரும். ஆறினதும் சுருங்கும். அப்ப வெளியே இருந்து காத்தை இழுக்கும். மூடி இறுக்கமா இருந்தா மூடியையே இழுத்துப் பிடிச்சுக்கும்!"

"சரிம்மா, சரிம்மா. இப்ப சாப்பாட்டை எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

"ஒரே ஒரு தடவைப்பா. விளிம்பைச் சுத்தித் தண்ணி ஊத்திப் பார்ப்போம்."

அப்பா பெருமூச்சு விட்டார். மூன்றாவது தடவை. மூடியின் பள்ளத்தில் தண்ணீரை நிரப்பிவிட்டுக் குடைச்சல் நெம்பினாள். அங்கே நின்ற தண்ணீர் முழுக்க மடக்கென்று உள்ளே போய்விட்டது, யாரோ உறிஞ்சிக் குடித்தது போல.

"போச்சு!" என்று அப்பா தலையில் கை வைத்தார். "என் சூப்பு தண்ணியாப் போச்சு!"

"எண்ணெயும் இப்படித்தான்ப்பா தண்ணியாப் போயிருக்கு!" என்று கத்திக்கொண்டே குடைச்சல் செருப்பைக் கூட மாட்டாமல் கொட்டகைக்கு ஓடினாள்.

அம்மா கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள். குடைச்சல் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மேட்டில் ஏறும்போது பெட்டி சூடாகும், காற்று உப்பும், எண்ணெயைச் சீல் வழியாக வெளியே தள்ளும். ஓடையில் இறங்கினால் பட்டென்று குளிரும், காற்று சுருங்கும், சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

அம்மா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "சரிதான்டி. ஆனா அதுக்காகத்தான் பெட்டிக்கு ஒரு மூச்சுக்குழாய் வச்சிருப்பாங்க. காத்து அது வழியா வந்து போகும். தண்ணியை இழுக்கத் தேவையே இல்ல. இதோ பாரு, பெட்டி மேல சின்ன ரப்பர் குழாய். நல்லாத்தானே மாட்டியிருக்கு?"

"இந்தப் பக்கம் சரி. மறுபக்கம் எங்கேம்மா முடியுது?"

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குடைச்சலின் விரல் குழாயைப் பிடித்துக்கொண்டே போனது. இரும்புச் சட்டத்தை ஒட்டி மேலே, வயர்க் கட்டுக்குப் பின்னால், விளக்குக்கு அருகில், முன்பக்க மூடிக்குள் போய் மறைந்தது. தண்ணீர் எட்டாத உயரம். அம்மா நாலு திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். குடைச்சல் டார்ச் அடித்தாள்.

குழாயின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் அடைப்பு. அச்சு அசலாகப் பொருந்தி, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அம்மா அதைப் பிடுங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். நடுவில் ஊசி குத்திய புள்ளிகள். ஊசி மருந்துக் குப்பியின் மூடி!

இந்த வட்டாரத்தில் ஊசி மருந்துக் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் ஒரே ஒருவர்தான்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "வரட்டும் அந்த மனுஷன்! இவரே அடைச்சு வச்சுட்டு, மூணு தடவை என்னைக் குத்தம் சொன்னாரா? வெள்ளிக்கிழமை நாலு பேர் முன்னாடி இதை அவர் கையில கொடுத்து, நறுக்குனு கேட்கிறேனா இல்லையா பாரு!"

குடைச்சலுக்கும் முதலில் அதுதான் நல்ல யோசனை என்று தோன்றியது. ஆனால் அந்த ரப்பர் மூடியை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, அவர் ஏன் அடைச்சிருப்பார்?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்!"

"எங்கேயும் போய்ச் சேராத குழாய், வாயைத் திறந்துகிட்டுக் கிடக்கு. நானா இருந்தாலும் அடைச்சிருப்பேன்ம்மா. டாக்டர் வேற. திறந்த குழாயைக் கண்டா அவருக்குக் கை சும்மா இருக்குமா? கிருமி போயிடும், தூசி போயிடும்னு நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பார்."

"நல்லதுக்குன்னா? என் பேர் கெட்டுப்போச்சேடி!"

"நாம சொன்னா, 'இதை நான் வைக்கலை'ன்னு அவர் சொல்லிடலாம். ரோஷத்துல சண்டைகூட வரலாம். அவரே கண்டுபிடிச்சா? அப்ப இல்லைன்னு சொல்ல முடியாதே. வெள்ளிக்கிழமை எனக்கு அஞ்சு நிமிஷம் கொடும்மா."

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "அஞ்சே அஞ்சு நிமிஷம்தான். அதுக்கு மேல என் வாயை என்னாலேயே பிடிக்க முடியாது."

அந்த நேரத்தில் அப்பா செருப்புகளையும் சூப்பையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சூப்பில் உப்பே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் பேப்பர் போடும் அண்ணன் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தார். ரொட்டிக்காரர் பிரேக்கைக் காட்ட வந்திருந்தார். மாட்டு டாக்டர் வந்ததும், "என்ன, எருமை பிழைச்சுதா?" என்று கேட்டார்.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"டாக்டர் மாமா, முதல்ல ஒரு வேடிக்கை பார்க்கிறீங்களா?" என்று குடைச்சல் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினாள். அதில் கொஞ்சம் சூடான தண்ணீர் இருந்தது. அவள் பாட்டிலைக் குலுக்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சட்டென்று மூடினாள். "இதை அந்த வாளித் தண்ணிக்குள்ள அமுக்குங்க."

டாக்டர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு அமுக்கினார். 'கடக் முடக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு பாட்டில் அவர் கைக்குள்ளேயே நசுங்கியது.

"அட!" என்றார் பேப்பர் அண்ணன்.

"நான் அழுத்தவே இல்லையே!" என்றார் டாக்டர். அவர் கண்கள் விரிந்தன. "சூடான காத்து சுருங்குது. ஆமா, அதுதான். நல்லா இருக்கே! இன்னொரு தடவை செய்."

இன்னொரு தடவை நசுங்கியது. மூன்றாவது தடவை குடைச்சல் வேறு ஒரு மூடியைப் போட்டாள். அதில் துளையிட்டு நீளமாக ஒரு குழாயைச் செருகியிருந்தாள். குழாயின் மறுமுனை வாளிக்கு வெளியே இருந்தது. டாக்டர் பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கினார். பாட்டில் அப்படியே இருந்தது.

"குழாய் வழியா மூச்சு விடுது," என்றார் டாக்டர்.

"மாமா, இது பிளாஸ்டிக், அதனால நசுங்குது. இதுவே நசுங்க முடியாத இரும்புப் பெட்டியா இருந்தா? அதுக்கும் மூச்சுக்குழாய் இல்லாம இருந்தா?"

"நசுங்க முடியலைன்னா, எங்கேயாவது இடுக்கு இருந்தா அது வழியா இழுக்கும். வெளியே என்ன இருக்கோ அதை. தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியை..."

டாக்டர் நிறுத்தினார். வாளியைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். அதன் முன்பக்கப் பெட்டியைப் பார்த்தார். அம்மா இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த வண்டிக்கு மூச்சுக்குழாய் இருக்கா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு மாமா. விளக்குக்குப் பின்னாடி வந்து முடியுது."

"விளக்குக்குப் பின்னாடி..." டாக்டரின் கை தானாகத் தலைக்குப் போனது. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி விளக்கு எரியலைன்னு மூடியைக் கழட்டி பல்பு மாத்தினேன். அங்கே ஒரு குழாய் சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஐயோ பாவம், கழண்டு கிடக்குதே, தூசி போயிடுமேன்னு..."

குடைச்சல் உள்ளங்கையை விரித்தாள். அதில் சாம்பல் நிற மூடி இருந்தது.

டாக்டர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் காது வரைக்கும் சிவந்தது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"இருபது வருஷமா வைத்தியம் பார்க்கிறேன்! எருமையோட மூக்கை நானே அடைச்சு வச்சுட்டு, அதுக்கு ஏன் மூச்சு முட்டுதுன்னு உங்களைக் கேட்டிருக்கேனே!"

பேப்பர் அண்ணனும் ரொட்டிக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "மெக்கானிக்கம்மா, மூணு தடவையும் உங்க மேல பழி போட்டேன். நீங்க போட்ட ஆக்சிலும் நல்லதுதான், சீலும் நல்லதுதான். கெடுத்தது நான். மன்னிச்சுக்கோங்க."

"நானும் குழாயை மேலே வரைக்கும் தேடிப் பார்த்திருக்கணும், டாக்டர்," என்றாள் அம்மா. "கீழே மாட்டியிருக்குன்னு பார்த்ததோட விட்டுட்டேன். அது என் தப்பு."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். எல்லார் முன்னாலும் அங்கேயே நின்று பேசினார்.

"வன அலுவலகமா? மாட்டு டாக்டர் பேசுறேன். ஆமா சார், அந்தக் கொட்டகையைப் பத்தித்தான். தாராளமா ஆறு வண்டியையும் அனுப்புங்க... என்னது, என் வண்டி மூணு தடவை கெட்டுப்போச்சேன்னா? உண்மைதான் சார். பழுது வண்டியில இல்ல, என்கிட்ட இருந்துச்சு. அதையும் இங்கேதான் சரி பண்ணினாங்க."

மூன்று வாரம் கழித்து, எண்ணெயைச் சோதித்துப் பார்ப்பதற்காக டாக்டர் எருமையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா பெட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தாள். குடைச்சல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுத்தமான தேன் நிறம். குவளைக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவின் சிரிப்பு அதன் வழியாகவே தெரிந்தது.

வெளியே வன அலுவலகத்து வண்டிகள் ஆறும் வரிசையாக நின்றன. குடைச்சல் குவளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, முதல் வண்டிக்கு அடியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு புகுந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு செருப்புகள் மட்டும்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அம்மா, இதுக்கு மூக்கு எங்கே இருக்கு?"